போக்கிமான் கோல்டு, சில்வர் மறுபடி ஆடுகிறீர்களா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

நிண்டெண்டோவின் கேம்பாய் கைக்கருவிக்கான போக்கிமான் கோல்டு, சில்வர் ஆட்டங்கள் இரண்டும் ஜப்பானில் 1999 நவம்பரில் வந்தன. அமெரிக்காவுக்கு 2000 அக்டோபரிலும் ஐரோப்பாவுக்கு 2001 ஏப்ரலிலும் போயின. இன்று பழைய பெட்டியிலிருந்து எடுக்கும் கேசட்டுக்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டு வயது. அது ஓடவில்லை என்றதும் செத்துப்போச்சு என்று தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ஆட்டம் எழுதப்பட்டிருக்கும் ரோம் சிப் அவ்வளவு சுலபத்தில் கெடாது. கெடுவது பெரும்பாலும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்று வோல்ட் பட்டன் செல். அடுத்தது தொடுமுனைகளில் படிந்த அழுக்கு.

ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அதே கேம்பாயில் வேறொரு கேசட், அதே கேசட்டை வேறொரு கேம்பாயில். கோளாறு கேசட்டோடு போகிறதா, கருவியோடு தங்குகிறதா என்று இதிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது கருவி இல்லாதவர்கள் நண்பரிடம் இரவல் வாங்கியாவது பார்த்துவிடுங்கள். இதைச் செய்யாமல் நல்ல கேசட்டைப் பிரித்துக் கெடுத்தவர்கள் அதிகம்.

அறிகுறி: ஆன் செய்தால் லோகோ கிறுக்கலாக வருகிறது, அதற்கு மேல் நகரவில்லை

கேம்பாய் உயிர் பெற்றதும் முதலில் செய்கிற வேலை, கேசட்டில் பதிந்திருக்கும் நிண்டெண்டோ லோகோவைப் படித்துத் தன்னிடம் உள்ள பிரதியோடு ஒப்பிடுவது. வெறும் 48 பைட் தகவல். ஒப்பீடு பொருந்தவில்லை என்றால் கருவி அங்கேயே நின்றுவிடும். திரையில் கறுப்புக் கட்டமோ உடைந்த எழுத்தோ தெரிந்தால், கருவிக்கு உயிர் இருக்கிறது, கேசட்டைத்தான் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். இது நல்ல செய்தி. பெரும்பாலும் சுத்தம் செய்தாலே போதும்.

காது குடையும் பஞ்சுக்குச்சியை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, கேசட்டின் பித்தளை நிறப் பற்களை மேலிருந்து கீழாகத் துடையுங்கள். மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தெரியும். குச்சி கறுப்பாக வரும். கறுப்பு நிற்கும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு செருகிப் பாருங்கள். பச்சை படிந்து ஆல்கஹாலுக்கு அசையவில்லை என்றால் மட்டும், மென்மையான வெள்ளை ரப்பரால் இரண்டு இழுப்பு. உப்புத்தாள் கூடவே கூடாது, மேலே இருக்கும் முலாம் அவ்வளவு மெல்லியது.

வாயால் ஊதுவதை நிறுத்துங்கள். ஊதியதும் வேலை செய்வது போலத் தோன்றுவதற்குக் காரணம், கேசட்டை வெளியே எடுத்து மறுபடி செருகியதுதான். எச்சில் ஈரம் உள்ளே போய் நாளடைவில் அரிப்பை உண்டாக்கும்.

கேம்பாய் அட்வான்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு இடம் உண்டு. அதன் செருகுவாயில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. பழைய வடிவக் கேசட் அதை அழுத்தும், அட்வான்ஸ் கேசட் அழுத்தாது. அதை வைத்துத்தான் கருவி எந்த வகையில் ஓட வேண்டும், 5 வோல்ட்டா 3.3 வோல்ட்டா என்று முடிவு செய்கிறது. கோல்டு ஓடுகிறது, ஆனால் அட்வான்ஸ் கேசட் எதுவும் ஓடவில்லை, அல்லது நேர் எதிராக நடக்கிறது என்றால் அழுக்கைச் சந்தேகிக்கும் முன் இந்தச் சுவிட்ச் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

கோல்டு, சில்வருக்கு அடுத்து வந்த கிரிஸ்டல் பதிப்பை முதல் தலைமுறைச் சாம்பல் நிறக் கேம்பாயில் போட்டால் ஓடாது. அது கோளாறில்லை. கோல்டும் சில்வரும் பழைய கறுப்பு வெள்ளைக் கருவியிலும் ஓடும்; கிரிஸ்டலுக்குக் கேம்பாய் கலர் அல்லது அதற்குப் பின் வந்த அட்வான்ஸ், அதன் மடிக்கும் வகையான எஸ்பி வேண்டும். நிண்டெண்டோவின் பிந்தைய கருவியான டிஎஸ்ஸில் இவை மூன்றுமே செருகாது.

அறிகுறி: ஆடும்போதே அணைகிறது, விளக்கு மங்குகிறது

முதலில் செல்லை மாற்றுங்கள். கேம்பாய் கலருக்கு இரண்டு ஏஏ செல் போதும். கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடுகிற சாதாரண கார்பன் செல் சீக்கிரம் படுத்துவிடும், அல்கலைன் வாங்குங்கள். ரீசார்ஜ் செல்லும் சரிதான், 1.2 வோல்ட் என்பதால் விளக்கு சற்று முன்னதாகவே எச்சரிக்கும், அவ்வளவுதான்.

புது செல்லிலும் அதே கதை என்றால் செல் அறையின் ஸ்பிரிங்கைப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ பச்சையோ படிந்திருந்தால் பழைய செல் கசிந்திருக்கிறது. பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். அதற்கும் சரியாகவில்லையா, ஆன் ஆஃப் சுவிட்ச். கருவி அணைந்திருக்கும்போது அதை முன்னும் பின்னும் இருபது முப்பது தடவை தள்ளுங்கள். உள்ளே படிந்த துரு உரசிப் போய்ப் பல கருவிகள் இதிலேயே திரும்பி வந்துவிடும்.

எஸ்பி வைத்திருந்தால் பின்பக்க பேட்டரி மூடி புடைத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். புடைத்திருந்தால் சார்ஜ் போடாதீர்கள். உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்தாமல் நெளிக்காமல் எடுத்து மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டுப் புதியது போடுங்கள்.

அறிகுறி: ஆட்டம் நன்றாக ஓடுகிறது, ஆனால் சேவ் இல்லை

அதிகம் பேர் மனம் உடைவது இந்த இடத்தில்தான். தொடங்கினால் 'கன்டினியூ' இல்லை, 'நியூ கேம்' மட்டும் இருக்கிறது. அல்லது சேவ் ஆனதாகச் சொல்கிறது, மறுநாள் காணோம்.

கோல்டு, சில்வர், கிரிஸ்டல் மூன்றிலும் சேவ் தங்குவது 32 கிலோபைட் எஸ்ரேம் சிப்பில். அதற்கு எந்நேரமும் மின்சாரம் வேண்டும். கருவி அணைந்திருக்கும்போது அதைத் தருவது சிஆர்2025 பட்டன் செல். அதே செல்தான் ஆட்டத்தின் கடிகாரத்தையும் ஓட்டுகிறது. கடிகாரம் வருடம் முழுக்க ஓடுவதால், அதற்கு முந்தைய ரெட், புளூ கேசட்டுகளைவிட இவற்றில் செல் வேகமாகத் தீரும். 1996இல் வந்த ஆட்டத்தின் சேவ் உயிரோடு இருக்கிறது, 1999இல் வந்ததன் சேவ் போய்விட்டது என்று பலர் குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

உறுதி செய்ய: புது ஆட்டம் தொடங்கி, சேவ் செய்து, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து ஆன் செய்யுங்கள். சேவ் இல்லை என்றால் செல் தீர்ந்தது. இருக்கிறது என்றால் ஒருநாள் விட்டுப் பாருங்கள். சாகும் தறுவாயில் உள்ள செல் சில மணி நேரம் தாங்கும்.

இனி நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

பழைய சேவ் இன்னும் இருக்கிறது என்றால், இன்றே அதைப் பிரதி எடுங்கள். செல்லைக் கழற்றிய கணத்தில் எஸ்ரேமில் உள்ளதெல்லாம் போய்விடும். கேசட்டைக் கணினியோடு இணைக்கும் ரீடர் கருவிகள் கிடைக்கின்றன. ஜிபிஎக்ஸ்கார்ட் ஆர்டபிள்யூ அவற்றில் ஒன்று. சேவை ஒரு கோப்பாக இறக்கிவைத்து, செல் மாற்றிய பிறகு திரும்ப ஏற்றலாம். கருவியை ஆன் செய்து வைத்துக்கொண்டே செல்லை மாற்றினால் சேவ் போகாது என்று சொல்பவர்கள் உண்டு. முடியும்தான், ஆனால் ஒரு கை நடுக்கத்தில் சேவும் போகும், ஷார்ட் ஆகிக் கேசட்டும் போகும். அந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சேவ் ஏற்கனவே போய்விட்டது என்றால் இழக்க ஒன்றுமில்லை, நேராக மாற்றிவிடலாம். கேசட்டின் பின்பக்க ஸ்க்ரூவுக்கு 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற தனி வகை ஸ்க்ரூ டிரைவர் முனை தேவை. திறந்ததும் முதல் வேலை, பலகையை ஒரு போட்டோ எடுப்பது. பிளஸ் எந்தப் பக்கம், மைனஸ் எந்தப் பக்கம் என்று பிறகு தேட வேண்டியிருக்காது. பழைய செல்லில் இரண்டு உலோகப் பட்டைகள் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். செல்லை நெம்பாதீர்கள், பலகையில் உள்ள தடம் பிய்ந்துவிடும். பட்டை பலகையில் பற்றியிருக்கும் இடத்தைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கித்தான் எடுக்க வேண்டும்.

புதிய செல் வாங்கும்போது பட்டை வைத்த சிஆர்2025 என்று கேட்டு வாங்குங்கள். வெறும் செல்லின் மேல் நேராக ஈயம் வைத்தால் சூட்டில் வெடிக்கலாம். பட்டை வைத்த சிஆர்2032 கிடைத்தாலும் பலர் போடுகிறார்கள். குறுக்களவு ஒன்றுதான், தடிமன் மட்டும் 0.7 மில்லிமீட்டர் கூடுதல், கொள்ளளவும் அதிகம். மூடி கொஞ்சம் இறுக்கமாக மூடும். இன்சுலேஷன் டேப் வைத்து வெறும் செல்லை அழுத்தி ஒட்டுகிற வித்தையைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். ஒருமுறை கேசட் கீழே விழுந்தால் தொடர்பு விட்டுப்போகும், நாற்பது மணி நேர ஆட்டம் அதோடு போகும்.

சால்டரிங் பழக்கமில்லையென்றால் மொபைல் சர்வீஸ் கடையில் கொடுங்கள். அவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. அயர்னை ரொம்ப நேரம் வைக்க வேண்டாம் என்றும், திசை மாறக் கூடாது என்றும் மட்டும் சொல்லுங்கள், போட்டோவைக் காட்டுங்கள்.

புது செல் போட்டும் சேவ் நிற்கவில்லையா? கேசட் அசலா என்று பார்க்க வேண்டும். பலகையில் முறையான சிப்புகளுக்குப் பதிலாக கறுப்புத் தார்ச்சொட்டு போல ஒன்று இருந்தால் போலி. ஒரே கேசட்டில் நூறு ஆட்டம் என்று அந்தக் காலத்தில் விற்றவை எல்லாம் இந்த வகைதான். இவற்றில் பலவற்றில் செல்லே இருக்காது.

அறிகுறி: 'உள் பேட்டரி தீர்ந்துவிட்டது' என்று ஆட்டமே சொல்கிறது

அப்படியானால் உங்கள் கையில் இருப்பது கோல்டு இல்லை, அடுத்த தலைமுறையின் ரூபி, சஃபையர் அல்லது எமரால்டு. இங்கே பதற வேண்டாம். இவற்றில் சேவ் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது, மின்சாரம் இல்லாமலும் அழியாது. செல் கடிகாரத்துக்கு மட்டும். ஆட்டத்தைக் கடைசிவரை முடிக்கலாம். பெர்ரி வளராது, ஷோல் குகையில் அலை ஏறி இறங்காது, அவ்வளவுதான். இந்தச் செல் சிஆர்1616, கேசட் ஸ்க்ரூ மூன்று கீற்றுள்ள ட்ரை-விங் வகை.

மாற்றிய பிறகும் பழைய சேவில் பெர்ரி வளரவில்லை என்று புகார் வரும். கடிகாரம் ஆரம்பத்திலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டது, சேவிலோ கடைசியாகப் பதிந்த நாள் அதற்கு வெகுவாகப் பிந்தியதாக இருக்கிறது. கடிகாரம் அந்த நாளைத் தாண்டும்வரை நிகழ்வுகள் அசையாது. புது ஆட்டம் தொடங்கினால் இந்தச் சிக்கலே இல்லை. இன்னொன்று: ரூபி, சஃபையரில் செல் நன்றாக இருந்தாலும், கடிகாரம் தொடங்கி ஏறத்தாழ ஒரு வருடம் ஆனதும் பெர்ரி உறைந்துவிடும். அது நிரலில் வருடக் கணக்கில் விட்ட பிழை. அதே தலைமுறையின் ஃபயர்ரெட், லீஃப்கிரீன் அல்லது எமரால்டின் தலைப்புத் திரையில் செலக்ட்டும் பி-யும் சேர்த்து அழுத்தி, கேபிள் வழியாகத் திருத்தத்தை அனுப்பலாம்.

ஃபயர்ரெட், லீஃப்கிரீனில் செல்லே கிடையாது. உங்கள் ஃபயர்ரெட் கேசட்டுக்குள் பட்டன் செல் இருந்தால், விற்றவர் உங்களை ஏமாற்றிவிட்டார்.

அறிகுறி: சேவ் இருக்கிறது, நேரம் தப்பு

ஒரு மணி நேரம்தான் வித்தியாசம் என்றால் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பேசுங்கள். கோடைக்கால நேர மாற்றத்தை அவர்தான் கவனித்துக்கொள்கிறார். மொத்தமாகத் தப்பு என்றால் கோல்டு, சில்வரின் தலைப்புத் திரையில் கீழ் அம்பு, செலக்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கடவுச்சொல் கேட்கும். அது உங்கள் பாத்திரத்தின் பெயர், ஐடி எண், கையில் உள்ள பணம் மூன்றையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது, அதற்கான கணிப்பான்கள் இணையத்தில் உண்டு. எண்ணைக் கணக்கிட்ட பிறகு கடைக்குப் போய்ப் பணத்தைச் செலவழித்துவிடாதீர்கள்.

கீழ் அம்புக்குப் பதில் மேல் அம்பு அழுத்தினால் சேவை அழிக்கவா என்று கேட்கும். விரலைப் பார்த்து வையுங்கள்.

நேரம் சரியாக இருப்பது இந்த ஆட்டத்தில் அலங்காரம் இல்லை. காலை நாலு மணிக்கு விடிகிறது, பத்துக்குப் பகல், மாலை ஆறுக்கு இரவு. ஹூட்ஹூட் இரவில்தான் வரும். யூனியன் குகையில் லாப்ராஸ் வெள்ளிக்கிழமை மட்டும். பூச்சி பிடிக்கும் போட்டி செவ்வாய், வியாழன், சனி. எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்று புலம்பும் முன் கிழமையைப் பாருங்கள்.

அறிகுறி: படம் பக்கவாட்டில் இழுத்த மாதிரி இருக்கிறது

அட்வான்ஸிலோ எஸ்பியிலோ ஆடுகிறீர்கள், கை தவறி ஆர் பட்டன் பட்டிருக்கிறது. எல் பட்டனை அழுத்துங்கள். முடிந்தது.

திரை இருட்டாக இருப்பது வேறு விஷயம். கேம்பாய் கலருக்கும் முதல் அட்வான்ஸுக்கும் உள்ளே விளக்கே கிடையாது. சன்னல் பக்கம் உட்காருங்கள், அல்லது பின்னொளி உள்ள ஏஜிஎஸ்-101 வகை எஸ்பியைத் தேடுங்கள். ஒலி கரகரவென்றால் வால்யூம் சக்கரத்தை முழுக்க மேலும் கீழுமாகச் சில தடவை உருட்டுங்கள்.

அறிகுறி: கேபிள் போட்டும் நண்பரோடு இணையவில்லை

கோல்டு, சில்வருக்குக் கேம்பாய் கலர் காலத்துக் கேபிள் வேண்டும். அட்வான்ஸ் ஆட்டங்களுக்கான கேபிள் தனி. அட்வான்ஸ் கருவியில் கோல்டு ஆடினாலும், கேபிள் ஆட்டத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

ரெட், புளூவோடு மாற்றிக்கொள்ள டைம் கேப்ஸ்யூல் அறை திறக்க வேண்டும். எக்ருடீக் நகரில் பில் என்ற பாத்திரத்தைச் சந்தித்த மறுநாள்தான் அது திறக்கும். திறந்த பிறகும் மறுக்கிறதென்றால், நீங்கள் அனுப்பும் போக்கிமானோ அதன் தாக்குதல்களில் ஒன்றோ பழைய ஆட்டத்தில் இல்லாததாக இருக்கும். அந்தத் தாக்குதலை மறக்கடித்துவிட்டு அனுப்புங்கள். ரூபி, சஃபையரோடு மட்டும் எந்தக் கேபிளாலும் இணைக்க முடியாது. இரண்டு தலைமுறைகளின் தரவு வடிவமே வேறு.

அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, கதை நகரவில்லை

பழைய சேவைத் தொடர்பவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. கடைசியாக எங்கே விட்டோம் என்று எந்தக் குறிப்பும் ஆட்டத்தில் இல்லை. பேட்ஜ் எத்தனை என்று பார்த்து இடத்தை ஊகிக்கலாம்.

கோல்டன்ராட் ஜிம் தலைவி விட்னியைத் தோற்கடித்தும் பேட்ஜ் வரவில்லையா? அவர் அழுதுகொண்டிருப்பார். வாசலை நோக்கி நடங்கள், அங்கிருக்கும் பெண் உங்களிடம் பேசுவாள். பிறகு திரும்பிப் போய் விட்னியிடம் பேசினால் தருவார். மூன்றாவது பேட்ஜ் வாங்கியும் ரூட் 36இல் ஒரு மரம் வழியை மறிக்கிறதா? அது மரமில்லை, சூடோவூடோ. கோல்டன்ராட் பூக்கடையில் தண்ணீர்க் குப்பி வாங்கி வந்து ஊற்றுங்கள்.

ஒலிவைன் ஜிம்மில் அதன் தலைவி ஜாஸ்மின் இல்லையென்றால் அவர் கலங்கரை விளக்கத்தின் உச்சியில், உடம்பு சரியில்லாத ஆம்ஃபரோஸ் பக்கத்தில் இருக்கிறார். கடலைக் கடந்து சியான்வுட்டில் மருந்து வாங்கி வர வேண்டும். அதற்கு சர்ஃப் தேவை, அதைத் தருவது எக்ருடீக் நடன அரங்கு. அங்கே ஐந்து கிமோனோ பெண்களையும் வரிசையாக வெல்ல வேண்டும். இந்த நடை மொத்தமும் ஆட்டத்திலேயே அழகான பகுதி, அவசரப்படாதீர்கள்.

பிளாக்தார்னில் ஜிம் தலைவி கிளேர் தோற்றும் பேட்ஜ் தராமல் இழுத்தடிப்பார். ஜிம்முக்குப் பின்னால் உள்ள டிராகன்ஸ் டென்னுக்குள் போய் டிராகன் ஃபேங்கை எடுங்கள், அவரே வந்து தருவார். கிரிஸ்டலில் அதற்குப் பதிலாக ஒரு பெரியவர் கேள்வி கேட்பார். ஆட்டத்தின் பிற்பகுதி நடக்கும் கான்டோவில் வெர்மிலியன் பக்கம் ஸ்நோர்லாக்ஸ் வழியை அடைத்துத் தூங்கினால் ரேடியோவில் போக்கே ஃபுளூட் நிலையத்தைப் பிடிக்க வேண்டும். அந்த நிலையம் கிடைக்க லாவெண்டர் வானொலிக் கோபுரத்தில் தரும் கார்டு வேண்டும், அது கிடைக்க மின்நிலையத்தின் தொலைந்த பாகம் வேண்டும், அந்தப் பாகம் செருலியன் ஜிம் தண்ணீருக்குள் கிடக்கிறது.

அறிகுறி: விளக்கம் சொல்வது ஒன்று, நடப்பது வேறு

இது உங்கள் கேசட்டின் தவறில்லை, எல்லோருடையதும் இப்படித்தான். அசேலியா நகரில் கர்ட் என்பவர் ஏப்ரிகார்ன் காய்களிலிருந்து செய்து தரும் பந்துகளைப் பாருங்கள். லவ் பால் எதிர்ப்பாலினத்தைப் பிடிக்க உதவ வேண்டும், நிரல் பிழையால் அதே பாலினத்துக்குத்தான் உதவுகிறது. மூன் பால் எதற்குமே கூடுதலாக உதவாது. ஃபாஸ்ட் பால் மூன்றே வகைப் போக்கிமானிடம் பலிக்கும். ஏப்ரிகார்னை வீணாக்க வேண்டாம், லூர் பாலும் ஹெவி பாலும் செய்யச் சொல்லுங்கள். போக்கிமான் பிடிக்கப் பந்தே எறிய முடியவில்லை என்றால் பிடித்த போக்கிமான்களைச் சேர்த்துவைக்கும் தற்போதைய பாக்ஸில் 20 நிரம்பிவிட்டது. கணினியில் வேறு பாக்ஸுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது ஆட்டம் சேவ் ஆகும், அந்த நேரத்தில் மட்டும் கருவியை அணைத்துவிடாதீர்கள்.

கேசட் எந்த வழியிலும் எழவில்லை என்றால், நிண்டெண்டோ 3டிஎஸ் வைத்திருப்பவர்கள் அதன் இணையக் கடையில் உள்ள தங்கள் பழைய கணக்கைப் பார்க்கலாம். கோல்டும் சில்வரும் 2017 செப்டம்பரிலும், கிரிஸ்டல் 2018 ஜனவரியிலும் அதில் வந்தன. 2023 மார்ச் 27க்குப் பிறகு புதிதாக வாங்க முடியாது. அப்போதே வாங்கி வைத்திருந்தால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம், பட்டன் செல் கவலையும் இல்லை.